விமான எஞ்சினும் உந்துவிசையும்

விமானத்தை முன்னோக்கிச் செலுத்தும் விசைக்கு உந்துவிசை என்று பெயர். மூக்கில் காற்றாடி சுழலும் சின்ன விமானமானாலும், இறக்கைக்கு அடியில் ஜெட் எஞ்சின் தொங்கும் பெரிய விமானமானாலும் அதைப் பெறும் வழி ஒன்றுதான்: காற்றைப் பிடித்துப் பின்னால் தள்ளுவது. துடுப்பு நீரைப் பின்னே தள்ள, தோணி முன்னே போகிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று நியூட்டன் 1687இல் வெளியிட்ட விதிதான் தோணிக்கும் விமானத்துக்கும் பொது.

எஞ்சினிலிருந்து சீறி வரும் வாயு வெளிக்காற்றில் மோதி உதைப்பதால்தான் ஜெட் விமானம் நகர்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அப்படி இருந்தால், உதைக்கக் காற்றே இல்லாத விண்வெளியில் ராக்கெட் அசையவே அசையாது. விசை பிறப்பது எஞ்சினுக்குள்ளேதான். முன்னால் உள்ள விசிறியும் காற்றை இறுக்கும் அமுக்கியும் காற்றைப் பின்னே தள்ளும்போது காற்று அவற்றை முன்னே தள்ளுகிறது. எரிபொருள் எரியும் எரியறையின் முன்பக்கத்திலும் அழுத்தம் முன்னோக்கியே விழுகிறது. பாயும் வாயுவில் சுழலும் டர்பைனும் வாயு வெளியேறும் குழலும் மாறாகப் பின்னே தள்ளப்படுகின்றன. முன்தள்ளலில் பின்தள்ளல் போக மிஞ்சுவதுதான் உந்துவிசை. எஞ்சினை இறக்கையோடு பூட்டியிருக்கும் இணைப்புகள் வழியாக அது விமானத்தைப் போய்ச் சேருகிறது.

ஜெட் எஞ்சினின் வேலை ஒழுங்கு எளிமையானது. அமுக்கி காற்றை இறுக்கும். இன்றைய ஜிஇ9எக்ஸ் எஞ்சினில் அழுத்தம் ஏறத்தாழ 60 மடங்கு உயர்கிறது. எரியறையில் எரிபொருள் கலந்து எரியும். விரிந்து பாயும் வாயு டர்பைனைச் சுழற்றும். டர்பைனும் அமுக்கியும் ஒரே தண்டில் பிணைந்திருப்பதால், பின்னால் கிடைத்த ஆற்றலில் பெரும்பங்கு முன்னால் காற்றை அமுக்கவே திரும்பிப் போகிறது.

இதில் கடுமையான சோதனை டர்பைன் தகடுக்குத்தான். நிக்கல் கலவையில் வார்த்த அந்தத் தகடு, தான் உருகும் வெப்பநிலையையும் தாண்டிக் கொதிக்கும் வாயுவில் நின்று சுழல வேண்டும். தகட்டின் மேல் ஊசிமுனை போன்ற துளைகள் வரிசை வரிசையாக இருக்கும். அவற்றின் வழியே கசியும் குளிர்ந்த காற்று மெல்லிய போர்வையாகப் படர்ந்து உலோகத்தைக் காக்கிறது. சாதாரண உலோகம் எண்ணற்ற படிகத் துணுக்குகளால் ஆனது. வெப்பத்தில் அது விட்டுப்போவது பெரும்பாலும் அந்தத் துணுக்குகள் ஒட்டும் ஓரங்களில்தான். அதனால் முழுத் தகட்டையும் ஒரே படிகமாக வளர்க்கிறார்கள். வார்ப்பு அச்சின் அடியில் சுருள்சுருளான குறுகிய வழி ஒன்று உண்டு. அதில் முட்டிமோதி மேலே வர ஒரே ஒரு படிகத்துக்குத்தான் இடம். கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைதான் எஞ்சின் தொழில்நுட்பத்தின் உச்சம் என்று சொல்லலாம்.

எஞ்சினுக்குள் பாயும் காற்றோட்டம் தடைபட்டால் என்ன ஆகும் என்பதை 1982 ஜூன் 24 இரவு காட்டியது. கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கி 263 பேருடன் 37,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747, ஜாவாவின் காலுங்குங் எரிமலை கக்கிய சாம்பல் மேகத்துக்குள் நுழைந்தது. எரியறையின் வெப்பத்தில் சாம்பல் கண்ணாடிபோல உருகி, டர்பைனுக்கு முன்னுள்ள தகடுகளில் அப்பிக்கொண்டது. வாயுவுக்கு வழியில்லை. நான்கு எஞ்சின்களும் சில நிமிடங்களுக்குள் ஒவ்வொன்றாக அணைந்தன. உந்துவிசை துளியும் இல்லாமல் விமானம் சறுக்கி இறங்கிக்கொண்டே வந்தது. அணைந்த எஞ்சின் ஆறியதும் கண்ணாடிப் படிவு வெடித்து உதிர்ந்தது. விமானி எரிக் மூடியும் குழுவினரும் விடாமல் முயன்று எஞ்சின்களை மீண்டும் உயிர்ப்பித்து, ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறக்கினார்கள்.

இனி இந்த எஞ்சின் பிறந்த கதைக்கு வருவோம். ஜெட் எஞ்சினுக்கு 1930இல் காப்புரிமை கோரியபோது இங்கிலாந்தின் ஃபிராங்க் விட்டிலுக்கு வயது 22. 1935இல் அதைப் புதுப்பிக்க 5 பவுண்டு கட்டணம் தேவைப்பட்டது; கட்ட முடியாமல் உரிமை காலாவதியானது. அவருடைய எஞ்சின் 1937 ஏப்ரலில் முதன்முதலாக ஓடியது. ஆனால் வானில் முந்தியது ஜெர்மனி. ஹான்ஸ் ஃபான் ஓஹைனின் எஞ்சினோடு ஹைன்கல் 178 விமானம் 1939 ஆகஸ்ட் 27 அன்று பறந்தது. விட்டிலின் எஞ்சின் பூட்டிய விமானம் எழும்ப 1941 மே ஆகிவிட்டது.

அந்த முதல் எஞ்சின்கள் கொஞ்சம் காற்றை மிக வேகமாக வீசின. பெருங்குறை அங்கேதான். உந்துவிசை என்பது ஒரு நொடியில் தள்ளும் காற்றின் நிறையை அதற்கு ஊட்டும் வேகத்தால் பெருக்கிய அளவு. ஓடுபாதையில் நிற்கும் எஞ்சின் 100 கிலோ காற்றை நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும், 1,000 கிலோவை 30 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் கிடைப்பது அதே 30,000 நியூட்டன். செலவு அப்படியல்ல. முதல் வழியில் காற்றுக்கு நொடிதோறும் 45 லட்சம் ஜூல் ஊட்ட வேண்டும். இரண்டாம் வழியில் நாலரை லட்சம் போதும். நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளுவதே லாபம். எஞ்சின்கள் தலைமுறைக்குத் தலைமுறை பருத்துக்கொண்டே வந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

அதற்கான வழிதான் டர்போஃபேன். முன்னால் உள்ள பெரிய விசிறி உறிஞ்சும் காற்றில் ஒரு பங்கு மட்டும் எரியறைக்குப் போகிறது. மிச்சமெல்லாம், ஊருக்குள் நுழையாமல் புறவழிச்சாலையில் போகும் லாரிகளைப் போல, வெளிப்புறமாகவே பாய்ந்துவிடுகிறது. 1960இல் ஏர் இந்தியா வாங்கிய போயிங் 707 விமானங்களின் கான்வே எஞ்சினில், உள்ளே போகும் ஒரு கிலோவுக்குப் புறவழியில் போனது சுமார் 300 கிராம்தான். போயிங் 777-300இஆர் சுமக்கும் ஜிஇ90 எஞ்சினில் அது 9 கிலோவை ஒட்டி வருகிறது. அதன் விசிறியின் விட்டம் 3.25 மீட்டர். புறப்படும்போது நொடிக்கு 1,600 கிலோவுக்கு மேல் காற்றை விழுங்குகிறது. 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கல்யாண மண்டபத்துக் காற்று முழுவதும் ஒரே நொடியில் காலியாவதற்குச் சமம். உந்துவிசையின் பெரும்பங்கை எரியாத இந்தக் காற்றே தருகிறது. மெதுவாக வெளியேறுவதால் இரைச்சலும் குறைவு.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பறக்கும் ஏடிஆர் 72 இந்தக் கணக்கை இன்னும் ஒரு படி தாண்டிப் போகிறது. உள்ளே டர்பைன், வெளியே உறையில்லாத காற்றாடி; ஏறக்குறைய முழு உந்துவிசையும் காற்றாடியுடையது. வேகம் குறைந்த குறுந்தூரப் பயணத்துக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது.

டர்போஃபேனில் உறைக்குள் அடைத்த விசிறியை ஓரளவுக்கு மேல் பெரிதாக்க முடியாது. உறையின் எடை கூடும், காற்றுத் தடை கூடும், இறக்கைக்கும் தரைக்கும் இடையே இடமும் இருக்காது. ஆகவே 2021இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கும் பிரான்சின் சாஃப்ரானும் கூட்டாக அறிவித்த ரைஸ் என்ற எஞ்சின் திட்டத்தில் உறையையே கழற்றிவிட்டார்கள். அதில் விசிறி, பழைய காற்றாடியைப் போலவே, திறந்த வெளியில் சுழல்கிறது.