விதையும் பெயரும்: 19ஆம் நூற்றாண்டுத் தோட்டக்கலைச் சங்கங்களில் மொழியறிஞர்

முன்னுரை

ஒரு விதை ஒரு தோட்டத்திலிருந்து அண்டைத் தோட்டத்திற்குச் செல்லும்போது அதன் பெயரும் உடன் செல்கிறது. பெயர் தெரியாத விதையைப் பற்றிப் பிறரிடம் வினவுதல் அரிது. விதைக்கும் பருவம், நீரிடும் அளவு, பூச்சிக்கு மாற்று ஆகிய அனைத்தும் பெயரைப் பற்றிக்கொண்டே நினைவில் நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் தோன்றிய தோட்டக்கலைச் சங்கங்களின் வரலாற்றை நோக்குமிடத்து, அவற்றில் அகராதியாளர் பலர் முன்னின்று உழைத்தமை புலனாகிறது. இது தற்செயலாக நிகழ்ந்ததன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கல்கத்தாச் சங்கம்

இந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1820இல் கல்கத்தாவில் நிறுவப்பட்டது. நிறுவியவர் வில்லியம் கேரி. இவர் 1801 முதல் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்கமும் வடமொழியும் கற்பித்தவர்; வங்க மொழி அகராதி ஒன்றைத் தொகுத்தவர்; சீராம்பூரில் தம் இல்லத்தை ஒட்டிப் பெருந்தோட்டம் வளர்த்தவர். சங்கத்தில் இந்தியரும் உறுப்பினராதல் வேண்டும் என்பது தொடக்கத்திலேயே அவர் வலியுறுத்திய கொள்கை. காய்கறிக் கண்காட்சிகளில் உள்நாட்டுத் தோட்டக்காரர்களுக்குப் பரிசு வழங்கும் வழக்கமும் சங்கத்தில் இருந்தது.

கேரியின் நெறியைப் பின்பற்றியோருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஆங்கில-வங்க அகராதியை 1834இல் வெளியிட்ட ராம்கமல் சென் ஒருவர். 'சப்தகல்பத்துருமம்' என்னும் வடமொழிப் பேரகராதியைத் தொகுத்த ராதாகாந்த தேவ் மற்றொருவர். சங்கத்தின் கட்டுரைகளை வங்க மொழியில் பெயர்க்கும் முயற்சியும் மேற்கொள்ளப்பட்டது. சங்கத்தோடு தொடர்புடைய பியாரிசந்த் மித்ரா 1861இல் 'கிருஷி பாட்' என்னும் வேளாண் நூலை வங்கத்தில் வெளியிட்டார். வங்க உரைநடைப் புதினத்தின் முன்னோடியாகப் போற்றப்படுபவரும் இவரே.

சங்கம் தோன்றுமுன்னரே, 1814இல், ராக்ஸ்பர்க் தொகுத்த கல்கத்தாத் தாவரத் தோட்டப் பட்டியலைக் கேரி சீராம்பூரில் அச்சிட்டார். அறிவியற்பெயர், உள்நாட்டுப் பெயர், பிறப்பிடம், கொடுத்தவர், பூக்கும் பருவம் ஆகியன அதில் தனித்தனி நிரல்களில் தரப்பட்டுள்ளன. செடியைக் கொடுத்தவருக்கு ஒரு நிரல் உண்டு. அதன் உள்நாட்டுப் பெயரைச் சொன்னவருக்கு நிரல் இல்லை. அகராதியியலாரும் இக்குறையினின்று முற்றும் விடுபட்டவரல்லர்.

தரங்கம்பாடியும் சென்னையும்

தமிழகத்தில் இவ்வுறவு மேலும் பழமையானது. லின்னேயசின் மாணவரான கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அங்கிருந்த மறைப்பணியாளர்கள் செடிகளைத் திரட்டித் தம்முள் பரிமாறிக்கொண்டனர். அவருள் ஒருவரான ராட்லர் 1776இல் வந்தவர், தாவரவியலாளர், தமிழ்-ஆங்கில அகராதியின் ஆசிரியருமாவார். 1834இல் வெளிவரத் தொடங்கிய அவ்வகராதி, 1836இல் அவர் மறைந்தபின் பிறரால் முடிக்கப்பட்டது.

சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835இல் ராபர்ட் வைட் என்னும் மருத்துவரின் முயற்சியால் உருவாயிற்று. வைட்டின் தாவர நூல்கள் ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் அமைந்தவை. அவற்றின் படங்களை வரைந்தோர் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர். ஆர்க்கிடு வகையொன்றிற்கு வைட் கோவிந்துவின் பெயரைச் சூட்டினார். அறிவியற்பெயருள் உள்நாட்டு உழைப்பாளர் ஒருவர் இடம்பெற்ற அரிய சான்று இது. சங்கத் தோட்டத்தின் ஒரு பகுதியில் 1962 முதல் 2008 வரை உணவகம் ஒன்று இயங்கியது. அவ்விடத்தில் 2010இல் அமைந்த பூங்காவிற்குச் செம்மொழிப் பூங்கா எனப் பெயரிடப்பட்டது.

'சீமை' என்னும் அடை

புதுச்செடிகளுக்குத் தமிழ் மூவகையில் பெயர் தந்துள்ளது. கொய்யா, அன்னாசி போல்வன போர்த்துக்கேய மொழிவழி முன்னரே வந்த கடன்சொற்கள். உருளைக்கிழங்கு, நிலக்கடலை போல்வன வடிவையோ விளையும் இடத்தையோ சுட்டும் ஆக்கங்கள். மூன்றாம் வகை, அறிந்த செடியின் பெயருக்கு 'சீமை' என்னும் அடை சேர்ப்பது. எல்லை, நிலப்பகுதி என்னும் பொருளுடைய இச்சொல் பின்னர் இங்கிலாந்தையும் பொதுவாக அயல்நாட்டையும் குறிக்கலாயிற்று. அரபு மூலத்ததாகிய 'விலாயத்' என்னும் சொல்லும் வடஇந்திய மொழிகளில் இதே பொருள்மாற்றம் அடைந்துள்ளமை ஒப்பிடத்தக்கது.

தக்காளியின் வரலாறு இங்கு நல்ல சான்றாகும். தக்காளி என்பது முன்னர் உள்நாட்டுச் சிறுகனிச் செடிகளின் பெயர். புதிதாக வந்தது சீமைத்தக்காளி. இன்று புதியது அடையின்றித் தக்காளி எனப்படுகிறது. பழையவையோ மணத்தக்காளி, சொடக்குத் தக்காளி என அடையோடு வழங்குகின்றன. வங்காளியர் அதே கனியைக் கத்தரியோடு ஒப்பிட்டுப் 'பிலாதி பேகுன்' என்றனர். கன்னடத்தில் 'சீமெ பதனெ' என்பதற்குச் 'சீமைக் கத்தரி' என்பதே சொற்பொருள்; ஆயின் அது குறிப்பது சௌசௌ காயை. அடை ஒன்றாயினும், ஒப்புமைக்குத் தேர்ந்த செடியும் பெயர்பெற்ற செடியும் மொழிதோறும் வேறுபடுகின்றன.

வேறுபடாத இடமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தென்னிந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட அமெரிக்க முள்மரம் தமிழில் சீமைக் கருவேலம் எனப் பெயர் பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தில்லியின் ரிட்ஜ் மேட்டுநிலத்தில் நடப்பட்டுப் பரவிய அதே மரம் இந்தியில் 'விலாயதி கீகர்' எனப்படுகிறது. கீகர் என்பது கருவேலமே. இரு மொழியாரும் ஒரே உள்நாட்டு மரத்தை ஒப்பாகக் கொண்டு, ஒரே பொருளுடைய அடையைச் சேர்த்துள்ளனர். ஒன்றைப் பார்த்து மற்றொன்று மொழிபெயர்க்கப்பட்டது எனக் கொள்ளத் தேவையில்லை. இலையையும் முள்ளையும் நோக்கியவர் எவராயினும் இம்முடிவிற்கே வந்திருப்பர். இன்று இம்மரம் ஈரிடத்தும் உள்நாட்டுச் செடிகளை நெருக்கி வளர்கிறது. தக்காளி தன் அடையை இழந்து வீட்டுப் பொருளாயிற்று. இம்மரமோ அயலது என்னும் அடையாளத்தை இன்னும் இழக்கவில்லை.

முடிவுரை

தில்லியில் 1961இல் அமைந்த அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் முதலாகப் பல நிறுவனங்கள் சொல்லாக்கப் பணியில் ஈடுபட்டு வந்துள்ளன. அப்பணி இன்றியமையாதது. எனினும், மேற்காட்டிய 'சீமை'ப் பெயர்களை எக்குழுவும் கூடி ஆக்கவில்லை. அவை தோட்டத்திலும் சந்தையிலும் பிறந்து, கைமாறிய விதைகளோடு பரவியவை. கேரியும் ராட்லரும் அகராதியும் தோட்டமும் ஒருங்கே பேணியதன் பயன், சொல் வழங்கும் இடத்தில் அவர்கள் இருந்தமையே. கலைச்சொல் ஆக்குவோரும் மொழிபெயர்ப்பாளரும் புதுச்சொல் படைக்குமுன், அப்பொருளைக் கையாள்வோர் அதற்கு ஏற்கெனவே பெயர் இட்டுள்ளனரா என வினவுதல் வேண்டும். விடை சொன்னவரின் பெயருக்கும் பட்டியலில் ஒரு நிரல் அமைதல் வேண்டும்.