குடல்வால் அழற்சியும் குடிக்கும் மருந்தும்: ஒரு வழக்கத்தின் வரலாறு

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் இளைஞர்கள். குடல்வால் அழற்சி அதிகம் வருவதும் 10 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கே. இரவு ஷிப்டின் நடுவில் வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் ஒருவருக்கு சிடி ஸ்கேன் தேவைப்பட்டால், அயோடின் மருந்து கலந்த தண்ணீரை ஒரு லிட்டர் அளவுக்குக் குடிக்கவைத்து, அது குடலில் இறங்கும்வரை ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருந்து படமெடுக்கும் வழக்கம் உண்டு. பழைய கருவியின் குறையை ஈடுகட்டப் பிறந்த இந்த வழக்கம், அந்தக் குறை தீர்ந்த பிறகும் தங்கிவிட்டது என்பதே என் வாதம்.

1886இல் பாஸ்டன் மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் குடல்வால் அழற்சியைத் தெளிவாக வரையறுத்தார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மருத்துவரின் கைதான் அதைக் கண்டறியும் முதன்மைக் கருவி. 1971இல் லண்டனில் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் சிடி கருவி முதலில் படமெடுத்தது மூளையைத்தான். வயிற்றுக்கு அது வந்தபோது ஒவ்வொரு வெட்டுப் படத்துக்கும் சில நொடிகள் பிடித்தன. படங்களும் சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிமனில் இருந்தன. மூச்சிலும் குடல் அசைவிலும் உருவம் கலங்கியது. அந்தக் கலங்கலில் சுருண்டு கிடக்கும் குடல் எது, சீழ்க்கட்டி எது என்று பிரிக்க, குடலை வெண்மையாக்கிக் காட்டும் மருந்து இன்றியமையாததாயிற்று. குடல்வாலின் உட்புழைக்குள் மருந்து ஏறியிருந்தால் அடைப்பில்லை என்று கருதவும் முடிந்தது. அந்தக் காலத்துக்கு அது நல்ல தர்க்கம். 1989க்குப் பின் சுருள்முறை சிடியும், 1990களின் இறுதியில் ஒரே சுற்றில் பல வெட்டுகளை எடுக்கும் கருவிகளும் வந்தன. ஒரு மூச்சைப் பிடித்திருக்கும் நேரத்துக்குள் முழு வயிறும் மெல்லிய படங்களாகக் கிடைத்தது. 1998இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை 100 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், மருந்து வாய்வழியாகத் தரப்படவில்லை, ஆசனவாய் வழியாகவே செலுத்தப்பட்டது. 98 விழுக்காடு துல்லியம் கிடைத்தது. எந்த மருந்தும் தராமல் 300 பேருக்குப் படமெடுத்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. அதிலும் முடிவுகள் தாழவில்லை. 2005இல் 23 ஆய்வுகளைத் தொகுத்து ஒப்பிட்டபோது, குடிக்கும் மருந்து இல்லாத படங்கள் மருந்துள்ள படங்களுக்குக் குறைந்தவையல்ல என்றே தெரிந்தது. இங்கோ, 1998இல் ஹூண்டாயின் முதல் கார் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்தது. 2010இல் ரெனோ நிசான் ஆலை ஒரகடத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. இந்த வட்டாரம் தொழில் நகரமான அதே ஆண்டுகளில்தான் குடிக்கும் மருந்துக்கான மருத்துவக் காரணமும் பலமிழந்துகொண்டிருந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. சிடி படத்தில் குடல்வாலைச் சுற்றியுள்ள கொழுப்பே அதைத் தனியே எடுத்துக்காட்டுகிறது. அழற்சி வரும்போது கறுத்த கொழுப்பினூடே வெண்கோடுகள் படர்வதும், குடல்வாலின் விட்டம் 6 மில்லிமீட்டரைத் தாண்டுவதும்தான் முதன்மைத் தடயங்கள். நம் இளம் தொழிலாளர்களில் பலர் மெலிந்தவர்கள். அவர்களுக்கு இந்தக் கொழுப்பு குறைவு. மேலைநாட்டு உடல்களில் கிடைத்த முடிவை அப்படியே இங்கே பொருத்தலாமா என்று கேட்பது நியாயமே. ஆனால் அதற்கு விடை ரத்தநாளத்தில் செலுத்தும் மருந்தில் இருக்கிறது. வீங்கிய குடல்வாலின் சுவர் அந்த மருந்தை வாங்கி ஒளிரும். அதற்குக் காத்திருக்க வேண்டியது ஒரு நிமிடம் சொச்சம். அதைவிடக் கனமானது காசநோய் பற்றிய வாதம். சிறுகுடலும் பெருங்குடலும் கூடும் இடத்தைத் தாக்கும் காசநோய் இந்தியாவில் அரிதல்ல, குடல்வால் அழற்சி போலவே வலிக்கும். வலி பல வாரங்களாக இருந்து எடையும் குறைந்திருந்தால் குடல் நிறைய மருந்து கொடுத்துப் பார்ப்பது சரி. அது விதிவிலக்கு; நேற்றிரவு தொடங்கிய வலிக்கு அதை விதியாக்குவது தவறு.

ஒரு மணி நேரத் தாமதமே குடல்வாலை வெடிக்கச் செய்யும் என்பது மிகை. ஆனால் வாந்தியெடுப்பவரை ஒரு லிட்டர் குடிக்கச் சொல்வதற்கு விலை உண்டு. பாதி வெளியே வந்துவிடும். மீதி குடல்வால் இருக்கும் இடத்தை எட்டியதா என்பது படமெடுக்கும்வரை தெரியாது. அறுவைக்கு வயிறு காலியாக வேண்டும் என்று மயக்க மருத்துவரும் காத்திருக்க நேரும். சென்னை சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்க, 108 ஆம்புலன்ஸில் மேல்சிகிச்சைக்கு ஏற்றப்படுபவருக்கு அந்தக் காத்திருப்பு பயணத்தோடு சேர்ந்துகொள்கிறது. இளம்பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் அல்ட்ராசவுண்ட் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. அதில் தெளிவு கிடைக்காமல் சிடிக்குப் போகும் மற்றவர்களுக்கு, குடிக்கும் மருந்து ஏன் வேண்டும் என்ற காரணத்தை மருத்துவர் சீட்டில் எழுதட்டும். காரணம் எழுதப்படாத சீட்டுக்கு ஸ்கேன் மையங்கள் அந்த மருந்தைக் கலக்க வேண்டாம்.