கட்டடத்துக்கு ஒன்றுமில்லை

மேற்கு மாம்பலம், அடையாறு காந்திநகர், நங்கநல்லூர் போன்ற சென்னையின் பழைய குடியிருப்புகளில் ஒரு கிரவுண்டில் நிற்கும் சிறிய தனிவீடு விலைக்கு வந்தால், தரகர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: “கட்டடத்துக்கு ஒண்ணுமில்ல சார், லேண்ட் வேல்யூ மட்டும்தான்.” விற்பவர் மறுத்துப் பேசுவதில்லை, வாங்குபவர் அதற்கு மேல் கேட்பதும் இல்லை. தளத்தை ஏறிப் பார்த்தவர், உத்தரத்தைத் தட்டிப் பார்த்தவர், கிணற்றை எட்டிப் பார்த்தவர் என்று அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். பரிசோதனையே நடக்காமல் ஒரு கட்டடத்துக்கு இப்படிப் பூஜ்யம் போட முடிகிறதென்றால், அந்த மதிப்பெண் கட்டடத்துக்கானதாக இருக்க முடியாது. இயற்கை நியதிபோல ஒலிக்கும் அந்த வாக்கியத்துக்கு வயது ஏறக்குறைய ஐம்பதுதான். அதற்கு முன்பு இதே தெருக்களில் வீடுகளை வேறு கோல்களால் அளந்தார்கள். அந்தக் கோல்கள் எப்படி முறிந்தன என்று பார்த்தால், ‘ஒன்றுமில்லை’ என்ற தீர்ப்பைச் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து எழுதவில்லை, சட்டங்களும் விதிகளும் வாரிசுரிமையும் சேர்ந்து எழுதின என்பது தெரியும்.

தியாகராய நகர் இருக்குமிடம் நூறாண்டுக்கு முன் ஏரி. நீண்டு கிடந்ததால் ‘லாங் டேங்க்’ என்று ஆங்கிலேயர் அழைத்த நீர்ப்பரப்பு அது. 1920-ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டம் கையில் கிடைத்த பிறகு, நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1923 முதல் அதை வடித்து மனைகளாக்கினார்கள். 1931 மே மாதம் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலம், சைதாப்பேட்டை, குரோம்பேட்டை எல்லாம் அலுவலகத்துக்குப் போய்வரும் தூரத்துக்குள் வந்துவிட்டன. புறநகர் என்ற சொல்லுக்கு நகரத்துக்கு வெளியே என்ற பொருள் போய், நகரத்தில் சம்பாதித்து வெளியே உறங்குவது என்ற பொருள் வந்தது அப்போதுதான். 24 கிரவுண்டு கொண்ட பழைய காணிக் கணக்கு உழவனுக்கு உரியது. 2,400 சதுர அடி கிரவுண்டு குமாஸ்தாவுக்கும் வக்கீலுக்கும் பள்ளி ஆசிரியருக்கும் உரிய அளவாயிற்று.

அந்த வீடுகளை வாடகையைக் கொண்டு மதிப்பிட்டார்கள். 1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டமே சொத்துவரிக்கு அப்படித்தான் கணக்குப் போட்டது: ஒரு வீடு நியாயமாக என்ன வாடகைக்குப் போகுமோ அதுதான் அதன் ஆண்டு மதிப்பு; வாடகையில் கட்டடத்துக்கு உரிய பங்கிலிருந்து 10 சதவீதத்தைப் பழுதுபார்ப்புக்காகக் கழித்துக்கொள்ளலாம். நிலம் தனி, கட்டடம் தனி என்று விலையைப் பிளக்கவேண்டிய தேவை அங்கே பெரிதாக இல்லை. வீட்டுக்காரர் முன்பக்கத்தில் இருந்துகொண்டு பின்பக்கத்தையோ மாடியையோ ‘போர்ஷன்’ விட்டார்; ஒட்டுக்குடித்தனம் என்பது சென்னை நடுத்தர வாழ்க்கையின் ஒரு பாகமானது. காற்றோட்டமான அறை, வற்றாத கிணறு, ஸ்டேஷனுக்கு நடை தூரம் இவையெல்லாம் மாத வாடகையில் தெரிந்தன. கட்டடம் நன்றாக இருந்தால் வாடகை கூடும், வாடகை கூடினால் விலை கூடும். அளவுகோல் கரடுமுரடானது, ஆனாலும் வீட்டை வீடாகவே பார்த்தது.

அந்தக் கோலை முறித்தது இரண்டாம் உலகப் போர்க்காலமும் அதன் பின்விளைவான வாடகைக் கட்டுப்பாடும். ஊருக்குள் வந்து குவிந்த கூட்டத்துக்கு வீடு போதாமல் போகவே, வாடகையை அரசு கட்டிப்போட்டது. அந்தச் சட்டங்களின் தொடர்ச்சியாக வந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நின்று, 2019-இல்தான் புதிய சட்டத்துக்கு வழிவிட்டது. பழைய குடித்தனக்காரர் இருக்கும் வீடு, விற்கப்போனால் பாரமாயிற்று. வாடகையிலிருந்து விலையைக் கணக்கிடுவது இனி நடவாத காரியம். எனவே சட்டம் தலைகீழாகப் போயிற்று. விலையிலிருந்து வாடகையைக் கணக்கிட்டது. 1973-இல் திருத்தப்பட்டபடி, குடியிருப்புக் கட்டடத்தின் நியாய வாடகை என்பது மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம். நிலத்தின் சந்தை விலை, கட்டடம் கட்ட ஆகும் செலவில் தேய்மானம் போக மீதம், வசதிகளுக்கு ஒரு சிறு தொகை இவற்றின் கூட்டுத்தொகையே மொத்த மதிப்பு. நிலத்துக்கும் கட்டடத்துக்கும் இங்கே தனித்தனிக் கட்டங்கள் விழுந்துவிட்டன. ஆனாலும் கட்டடத்துக்கான கட்டத்தை யாரும் காலியாக விடவில்லை.

காலியாக விடாததற்குக் காரணம், அந்தக் காலத்தில் ஒரு வீட்டைக் கட்டுவது லேசான வேலையில்லை. 1930களின் மாம்பலம் வீடுகள் பலவற்றுக்கு மேலே ‘மெட்ராஸ் டெரஸ்’ என்ற கூரை. தேக்கு உத்தரங்களை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் சிறு செங்கற்களைக் குறுக்குவாட்டில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையால் இணைப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். தேக்கில் கணிசமான பங்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. போரில் ரங்கூன் விழுந்ததும் அந்த வரத்து நின்றது. அதன் பின் சிமென்ட் காலம். ஆனால் சிமென்ட்டும் எளிதில் கிடைக்கவில்லை. விலையும் விநியோகமும் அரசின் கையில் இருந்தன. 1982-இல்தான் கட்டுப்பாடு பாதியளவு தளர்ந்தது. அனுமதிச்சீட்டுக்கு மனுப்போட்டு, மூட்டைக் கணக்கில் வாங்கி, அடுத்த சீட்டு வரும்வரை சுவரைப் பாதியில் நிறுத்தி வைத்துக் கட்டிய வீடுகள் உண்டு. வங்கிகள் வீட்டுக்கடன் தரத் தொடங்குவதற்கு முந்தைய காலம் அது, வீட்டுக்கடனுக்கென்றே எச்.டி.எஃப்.சி. தோன்றியது 1977-இல். சங்கத்துக் கடன், அரசு ஊழியருக்கான முன்பணம், எல்.ஐ.சி., மனைவியின் நகை இவைதான் முதல். 900 சதுர அடியோடு ஒரு வீடு நின்றுபோனதற்குக் கட்டியவரின் எளிமையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். ரேஷனும் ஒரு காரணம் என்பதைச் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

கட்டடத்துக்கான கட்டம் காலியானது மூன்றாவது காலப்பகுதியில். 1967-இல் இந்திய முத்திரைச் சட்டத்தில் மாநிலத் திருத்தமாக 47-ஏ பிரிவு சேர்ந்தது. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டுவதைத் தடுப்பது அதன் நோக்கம். அதிலிருந்து வளர்ந்த வழிகாட்டி மதிப்பு, தெருவுக்குத் தெரு நிலத்துக்கு ஒரு விலை சொன்னது. அந்தப் பட்டியலில் தெருவுக்குப் பெயர் உண்டு, வீட்டுக்குக் கிடையாது. 1971-இல் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. அதையொட்டிச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக்கென ஓர் அமைப்பு உருவாகி, மனையில் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற தளப்பரப்புக் குறியீட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அது நெடுங்காலம் ஒன்றரை மடங்கு. 2019 விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்கு இரண்டு மடங்கு. இதற்கிடையே அடுக்குமாடி வழக்கமாகி, பிரிக்கப்படாத நிலப்பங்கு என்ற ‘யூ.டி.எஸ்.’ பேச்சுவழக்கில் ஏறியது. 1994-இல் அடுக்குமாடி உரிமைக்குத் தனிச்சட்டமும் வந்தது. ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி எழும்பலாம் என்று விதி சொல்லும்போது, அங்கே 900 சதுர அடியில் நிற்கும் வீடு கண்ணில் படுவதில்லை. எழும்பாத 3,900 சதுர அடியைத்தான் சந்தை பார்க்கிறது. வீடு அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பொருளாகிவிடுகிறது.

பேச்சுக்கு ஒரு கணக்கு. நிலம் சதுர அடி 15,000 ரூபாய் என்றால் கிரவுண்டு 3 கோடியே 60 லட்சம். கட்டடம் 900 சதுர அடி. இன்று கட்ட அடிக்கு 2,000 என்று வைத்தால் 18 லட்சம். மதிப்பீட்டாளர் கட்டடத்தின் ஆயுளை 60 ஆண்டாகவும், கடைசியில் மிஞ்சும் எச்சமதிப்பைப் 10 சதவீதமாகவும் கொண்டு 55 வயதான வீட்டுக்குத் தேய்மானம் போட்டால், 82.5 சதவீதம் கழிந்து 3 லட்சத்துப் 15 ஆயிரம் மிஞ்சும். மொத்தத்தில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. அதே வீடு மாதம் 30,000 வாடகைக்குப் போனால், ஆண்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். நிலவிலையில் சரியாக 1 சதவீதம். ஒரு காலத்தில் சட்டம் நியாயம் என்று கருதிய 9 சதவீதத்துக்கும் இந்த ஒன்றுக்கும் நடுவே உள்ள இடைவெளி முழுவதும், இன்னும் கட்டப்படாத மாடிகளுக்குத் தரும் விலை.

குடும்பமும் இதற்கு ஒத்துழைத்தது. ஒரு வீட்டை மூன்று பிள்ளைகளுக்குப் பிரிக்க முடியாது. நான்கு பிளாட்டைப் பிரிக்கலாம். 1989-இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்புரிமை கொடுத்தது. நெடுங்காலம் தாமதமான நியாயம். அதே நேரத்தில் பங்குதாரர் தொகையும் கூடியது. பணம் போடாமல் நிலத்தைக் கொடுத்துப் பாதிப் பரப்பைத் திரும்பப் பெறும் ஜாயின்ட் வென்ச்சர், கட்டுமானத் திட்டம் என்பதோடு பாகப்பிரிவினைப் பத்திரமாகவும் வேலை செய்தது.

பழைய வீடு உண்மையிலேயே மோசமாகத்தானே இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். பலவும் அப்படித்தான். உத்தர நுனி சுவருக்குள் நுழையும் இடத்தில் கரையான் பிடித்திருக்கும், தளம் கசியும், சுவரில் உப்புப் பூக்கும், கழிவறை கொல்லைப்புறத்தில் இருக்கும். ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்டுச் சாலை உயர்ந்து உயர்ந்து, மூன்று படி ஏறிப் போன வீடு இன்று ஒரு படி இறங்கிப் போகும் வீடாகியிருக்கும். ஏரி வடித்த நிலத்தில் அதன் விளைவு ஒவ்வொரு ஐப்பசியிலும் தெரியும். இந்தக் கடைசிக் குறை வீட்டின் குறையே அல்ல என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். மற்றவை நிஜம்தான். ஆனால் விலை அவற்றைக் கண்டுகொள்வதில்லை. ஒரே தெருவில், ஒரே அளவு மனையில், ஒழுகும் வீடும் நேற்று வெள்ளையடித்த உறுதியான வீடும் கிரவுண்டுக்கு ஒரே விலை பேசப்படும்போது, விலையைக் காட்டித் தரத்தைப் பழிக்க முடியாது. எதிர்ச்சாட்சியும் உண்டு. சாலை குறுகி, மனை அரை கிரவுண்டாகச் சுருங்கி, பில்டர் வரமாட்டார் என்ற சந்தில் அதே வயதுள்ள வீட்டைப் பாருங்கள். அங்கே வாங்க வருபவர் குழாயைத் திறந்து பார்க்கிறார், மாடிப்படியின் அகலத்தைக் கேட்கிறார், தளத்தில் சுருக்கி போட்டு எத்தனை வருடம் என்று விசாரிக்கிறார். அங்கே கட்டடத்துக்கு மறுபடியும் ஏதோ இருக்கிறது.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஊரில் இத்தனை பேர் வீடில்லாமல் இருக்க, ரயில் நிலையத்தருகே ஒரு குடும்பம் ஒரு கிரவுண்டை வைத்துக்கொள்வது சரியா? சரியென்று வாதாடுவது கடினம். ஒரு வீடு இருந்த மனையில் நான்கு குடும்பம் குடிபுகுவதைக் குறைசொல்ல இந்தக் கட்டுரைக்கு விருப்பமும் இல்லை. ஆனால் அடர்த்தி வேண்டும் என்பது நகரம் எடுக்கும் முடிவு. அந்த முடிவை நியாயப்படுத்தக் கட்டடம் கெட்டது என்ற பொய்ச்சாட்சி தேவையில்லை. அந்தச் சாட்சியை நம்பி ஏமாறுபவர் பெரும்பாலும் குடியிருக்க வாங்குபவர்தான். நிலத்தின் விலையை முழுதாகக் கொடுத்துவிட்டு, கட்டடம் இலவசம் என்ற நினைப்பில் அதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார். அவர் பார்க்கவேண்டிய வரிசை தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா என்று தொடங்குவது போலவே, சாலை மட்டம், உத்தர முனை, தளத்தின் சரிவு, கிணற்று நீரின் ருசி என்றும் தொடர வேண்டும். எவ்வளவு கட்டலாம் என்பது சாலையின் அகலத்தையும் பொறுத்தது; அதை அளக்காமல் விலை பேசினால், தன்னால் ஒருநாளும் கட்டமுடியாத மாடிகளுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்திருப்பார்.

கட்டடத்துக்கு ஒன்றுமில்லை என்ற பேச்சை நம்பாத ஒருவர் இந்த வியாபாரத்திலேயே இருக்கிறார். இடிப்பு ஒப்பந்தக்காரர். பழைய தேக்கு வீடாக இருந்தால், இடிப்பதற்குக் கூலி கேட்பதை விட்டு அவரே வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்து எடுப்பதும் சென்னையில் உண்டு. அதற்கு முன்பு அவர் வீடு முழுக்க நடந்து பார்ப்பார். உத்தரங்களை எண்ணுவார், நகத்தால் கீறுவார், கதவு நிலைகளின் கனத்தைக் கையால் அளப்பார், ஜன்னல் கம்பியை ஆட்டுவார். பிறகு மரம் கன அடிக் கணக்கிலும், நிலைகள் உருப்படிக் கணக்கிலும், செங்கல் லோடுக் கணக்கிலும் விலையாகி லாரியில் ஏறும்.