பகல்ல டிராலி, ராத்திரி கூட்ஸ்

அமெரிக்காவுல ரயில்னு பேச்செடுத்தாலே "அங்க எவன் சார் ரயில்ல போறான்"னு நம்ம மக்கள் முடிச்சுடுவாங்க. சான் டியாகோ கதை தெரிஞ்சா அவ்வளவு சுலபமா முடிக்க முடியாது. கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம்.

1976 செப்டம்பர்ல கேத்லீன்னு ஒரு புயல். சான் டியாகோவிலிருந்து கிழக்கே பாலைவனத்துக்குப் போற பழைய ரயில் பாதையைப் பல இடத்துல அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. ஸ்ப்ரெக்கல்ஸ்ங்கற சர்க்கரை முதலாளி 1919ல போட்டு முடிச்ச பாதை அது. அப்போதைய சொந்தக்காரங்க சதர்ன் பசிபிக் கம்பெனி. ஆளை விடுங்க சாமின்னு கைகழுவப் பார்த்தாங்க. ஊர்ப் போக்குவரத்து வாரியம் 1979ல அதை 1.81 கோடி டாலருக்கு வாங்கிடுச்சு. 1981 ஜூலையில ஊர் நடுவுலேர்ந்து மெக்சிகோ எல்லையில இருக்கற சான் இசித்ரோ வரைக்கும், சுமார் 16 மைலுக்கு, சிவப்பு கலர் மின்சார டிராலி ஓட ஆரம்பிச்சுது. மத்திய அரசு காசு வாங்கலை. வண்டியும் புது டிசைன் இல்லை. ஜெர்மனியில ஃபிராங்க்ஃபர்ட்ல ஓடிக்கிட்டிருந்த அதே யூ2 மாடல்.

சிக்கல் என்னன்னா, அதே தண்டவாளத்துல கூட்ஸ் வண்டியும் போகணும். கூட்ஸ் போற பாதையில ஓடற அமெரிக்க ரயில் பெட்டி, 8 லட்சம் பவுண்டு (சுமார் 360 டன்) அழுத்தத்தைத் தாங்கணும்ங்கறது அங்க ரொம்ப நாளா இருந்த கணக்கு. டிராலி அதுக்குக் கிட்டக்கூட வராது. மோதினா அப்பளம்தான். அதுக்காக வண்டியை யானை மாதிரி கனமாக்கலை. டைம்டேபிளைப் பிரிச்சுட்டாங்க: பகல் டிராலிக்கு, நடுராத்திரிக்கு மேல கூட்ஸுக்கு. ரெண்டு பிராசஸ் ஒரே ரிசோர்ஸுக்கு அடிச்சுக்கிட்டா நாம என்ன செய்வோமோ, அதேதான் :-) இதுக்கு விலையும் உண்டு. அந்தப் பாதையில விடிய விடிய டிராலி விட முடியாது. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வர்றவர் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

சரி, கூட்டம் எப்படி வந்துச்சு? கூட்ஸ் ஒத்துப்போனதாலயா? அதே சான் டியாகோ மாவட்டத்துல வடக்குப் பக்கம் ஸ்பிரிண்ட்டர்னு ஒரு டீசல் ரயில், 2008 மார்ச்ல ஆரம்பிச்சது, 22 மைல். அதுவும் சீமென்ஸ் வண்டி, அதுவும் பழைய கூட்ஸ் பாதை, அங்கயும் கூட்ஸ் ராத்திரிலதான். ஆனா கூட்டத்துல டிராலிக்குப் பக்கத்துல வரலை. அரை மணிக்கு ஒரு வண்டி, வழி முழுக்க வீடும் கார் பார்க்கிங்கும் இறைஞ்சு கிடக்கற புறநகர். ஒண்ணை விட்டா அடுத்ததுக்கு அரை மணி நேரம் யார் நிப்பா?

தெற்கே கதையே வேற. டிராலியை முதல்ல பெரும்பாலும் ஒத்தை லைன்லதான் ஓட்டினாங்க. பிறகு ரெட்டை லைன் போட்டு, கால் மணிக்கு ஒண்ணுன்னு விட்டாங்க. ஆணி பிடுங்க அங்க போயிருந்தப்போ ஒரு காலையில சான் இசித்ரோ போய்ப் பார்த்தேன். டிஹுவானா பக்கத்துலேர்ந்து எல்லையை நடந்தே தாண்டி வர்ற ஜனம் நேரா டிராலியில ஏறுது. சமையல்காரர், துப்புரவு வேலை பார்க்கறவங்க, புத்தகப் பையோட பசங்க. யாரும் டைம்டேபிள் பார்க்கலை. 2021 நவம்பர்ல அதே லைனை வடக்கே இன்னும் 11 மைல் நீட்டி, கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் வழியா கொண்டு போனாங்க. எல்லையில ஏறின பையன் இப்ப வண்டி மாறாம காலேஜ்ல இறங்கறான்.