ஏர்வாடிச் சங்கிலிகள்

இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985 வரை பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அன்று சிவகாசிக்கும் ஏர்வாடிக்கும் ஒரே கலெக்டர். பட்டாசு ஊர்களில் தீவிபத்து என்றால் எழும் முதல் கேள்வி, உள்ளே இருந்தவர்கள் ஓடித் தப்ப வழி இருந்ததா என்பதுதான். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை ஏர்வாடியில் பற்றிய தீயில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. தனியார் காப்பகக் கொட்டகையில் இருந்த மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 25 பேர் அன்றே இறந்தார்கள். பிறகு அந்த எண்ணிக்கை 28 ஆனது.

ஏன் சங்கிலி? ஏர்வாடி தர்காவில் தங்கினால் மனநோய் தீரும், குணமானதற்குக் கனவில் உத்தரவு வரும் என்பது நெடுநாள் நம்பிக்கை. இந்து, முஸ்லிம் வித்தியாசம் இல்லாமல் குடும்பங்கள் வந்தன. மாதக்கணக்கில் கூடவே இருக்க முடியாதவர்கள் அருகிலிருந்த காப்பகங்களில் விட்டுப் போனார்கள். அங்கே பூட்டுக்குச் சொன்ன காரணம்: ஓடிவிடுவார்கள், அடித்துவிடுவார்கள். (குடும்பங்களை மட்டும் திட்டுவது சுலபம். அரசின் தனி மனநல மருத்துவமனையோ தூரத்தில், சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருந்தது.)

யார் அடிப்பார் என்பதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மெக்கார்தர் ஆய்வு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனநோயாளிகளை ஓராண்டு கவனித்தது. குடி, போதைப் பழக்கம் இல்லாதவர்கள் அக்கம்பக்கத்தாரைவிட அதிகம் வன்முறையில் இறங்கவில்லை என்று 1998-இல் எழுதியது. மனச்சிதைவு உள்ளிட்ட நோய்களைப் பற்றிய 20 ஆய்வுகளை 2009-இல் ஃபசெல் குழு தொகுத்தது. ஆபத்து கூடுதல்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கூடுதலில் பெரும்பங்கு போதையால் வருவது. 2013-இல் 110 ஆய்வுகளைத் திரட்டியபோது, முன்பு செய்த வன்முறை, அண்மைய போதைப் பழக்கம், சிகிச்சையைக் கைவிடுதல் ஆகியவை முக்கியக் காரணிகளாகத் தெரிந்தன.

இதில் மாற்றக்கூடியவை போதையும் சிகிச்சையும். சங்கிலி இரண்டையும் தொடுவதில்லை. ஏர்வாடியில் யாரிடமும் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பூட்டவும் இல்லை. எல்லாருக்கும் ஒரே பூட்டு! இத்தனைக்கும் மனச்சிதைவு நோய்க்கென்றே டாக்டர் சாரதா மேனன் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியது 1984-இல்.

தீக்கு ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு 500-க்கும் மேற்பட்டோர் அரசுப் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2007-இல் காப்பகம் நடத்தியவர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், 95-ஆம் பிரிவு. அது நடைமுறைக்கு வந்தது 2018-இல்.