கடற்காற்றிலிருந்து மலைக்குளிருக்கு: அடையாறு ஹடில்ஸ்டன் தோட்டம் கைமாறிய வரலாறு

சேலத்துக்காரர்களுக்குச் சூரமங்கலம் என்றால் ஜங்ஷன். சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நீலகிரி எக்ஸ்பிரஸ் நள்ளிரவு தாண்டி இங்கே வந்து நிற்கும். மே மாதத்தில் அந்த வண்டியில் கம்பளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உறங்குபவர்களைப் பார்க்கலாம். சூரமங்கலத்துப் புழுக்கத்தில் அந்தச் சட்டைகள் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் கோடையில் குளிரைத் தேடி இந்தத் தடத்தில் போகிற பழக்கத்துக்கு நூற்றைம்பது வயது ஆகிறது. இங்கிருந்து 330 கிலோமீட்டருக்கும் அப்பால், அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் நின்ற ஒரு பெரிய மாளிகை அடிமாட்டு விலைக்குக் கைமாற அந்தப் பழக்கமே காரணமாயிற்று என்று அதை வாங்கியவரே எழுதிவைத்திருக்கிறார். அவர் சொன்ன காரணம் எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

மாளிகையின் பெயர் ஹடில்ஸ்டன் தோட்டம். இன்று அது பிரம்மஞான சபையின் உலகத் தலைமையகம்.

‘தோட்டம்’ என்ற சொல்லைச் சற்று விளக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் நெரிசலை விட்டு வெளியேறி, ஏக்கர் கணக்கில் நிலம் பிடித்து, நடுவில் வீடு கட்டிக்கொண்டார்கள். இவற்றுக்குத் தோட்ட வீடுகள் என்று பெயர். கட்டியவரின் பெயரோடு ‘கார்டன்ஸ்’ சேர்த்து வழங்கியதன் மிச்சம் சென்னையின் தெருப்பெயர்களில் இன்னும் கிடக்கிறது. 1780இல் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரின் புறப்பகுதி வரை வந்து சூறையாடியதை நினைத்தால், கோட்டைச் சுவருக்கு வெளியே இப்படிப் பரந்து கிடப்பதற்குத் துணிச்சல் வேண்டும். அல்லது அந்த அச்சத்தையும் மீறும் அளவுக்குக் கோட்டைக்குள் வெக்கை இருந்திருக்க வேண்டும்.

அன்றைய சென்னையில் கோடையைச் சமாளிக்க ஒரே வழி கடற்காற்று. முற்பகல் முழுவதும் நிலம் காயும். பிற்பகலில் கிழக்கிலிருந்து காற்று எழும்பும். அந்தக் காற்றைப் பிடிப்பதற்காகவே உயர்ந்த தூண்களும் ஆழமான தாழ்வாரங்களும் தட்டையான மொட்டை மாடியும் வைத்தார்கள். கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பை அரைத்துப் பூசி, பளிங்குபோல் மினுக்கும்வரை தேய்த்தார்கள். ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்று அதற்குத் தனிப் புகழே உண்டு. அடையாற்றங்கரையில் ஆற்றுக்காற்றும் கடற்காற்றும் சேர்ந்தே கிடைத்தன. அதனால்தான் வடகரையில் ஜேம்ஸ் பிராடியின் மாளிகையும் ஜார்ஜ் மௌப்ரேயின் குவிமாட வீடும் எழுந்தன. ஹடில்ஸ்டன் தோட்டம் தென்கரையில், கழிமுகத்தை ஒட்டி அமைந்தது.

பெயருக்குரியவர் ஜான் ஹடில்ஸ்டன், கம்பெனியின் சென்னைப் பணியாளர். 1784 மார்ச் 11 அன்று திப்பு சுல்தானோடு மங்களூர் உடன்படிக்கையில் கையொப்பமிட்ட கம்பெனித் தூதுவர் மூவரில் ஒருவர். மற்ற இருவர் ஆன்டனி சாட்லியரும் ஜார்ஜ் லியோனார்ட் ஸ்டான்டனும். அந்த உடன்படிக்கைக்குப் பின்னும் சேலமும் பாராமகால் பகுதியும் திப்புவின் கையில்தான் இருந்தன. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில்தான் கம்பெனிக்கு வந்தன. ஹடில்ஸ்டன் அடையாற்றில் கடற்காற்று வாங்கிய காலத்தில் சூரமங்கலம் வேற்று நாட்டு மண். பின்னாளில் அவர் இங்கிலாந்து திரும்பி, கம்பெனியின் இயக்குநராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். இதே குடும்பப்பெயர் கொண்ட வில்லியம் ஹடில்ஸ்டன் என்பவர் 1881இல் சில மாதங்கள் சென்னையின் தற்காலிக ஆளுநராக இருந்தார். தோட்டத்தின் பெயரை அவரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் அவர் அந்தப் பதவிக்கு வந்த விதம் நம் கதைக்கு மிகவும் வேண்டியது, பிறகு வருகிறேன்.

குளிர்ச்சிக்குக் கடலோரம்தான் என்ற வழக்கம் ஒரே நாளில் மாறவில்லை. கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறினார். 1820களின் தொடக்கத்தில் உதகையில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடான ‘கல் பங்களா’வை எழுப்பினார். ஆளுநர் தாமஸ் மன்றோ 1826இல் அங்கே போய்வந்தார். மன்றோவை நம் மாவட்டத்தார் எளிதில் மறக்க முடியாது. அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராகப் பாராமகாலை ஊர் ஊராக அளந்தவர். தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தைப் பிரிய மனமில்லாமல் பிரிந்தவர். அவருடைய ஆட்சியில்தான், 1821இல், கிண்டி மாளிகையை அரசு ஆளுநருக்காக வாங்கியது. அதாவது உதகை கண்ணில் பட்ட பிறகும் அரசு பணத்தைப் போட்டது சென்னைக்குப் பக்கத்திலேதான். காரணம் எளியது. உதகைக்குப் போவதென்றால் பல்லக்கிலும் குதிரையிலும் மாட்டுவண்டியிலுமாக வாரக்கணக்கில் பயணம். நோயாளியும் நீண்ட விடுப்பில் இருப்பவரும் போகலாம். கோப்புகளோடு ஓர் அரசாங்கம் போக முடியாது.

அந்த நிலையை மாற்றியது மெட்ராஸ் ரயில்வே. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடத் தொடங்கிய தடம், ஜோலார்பேட்டையில் தென்மேற்காகத் திரும்பி, சேர்வராயன் மலைக்கும் கஞ்சமலைக்கும் இடையிலான சமவெளியில் சூரமங்கலத்தைத் தொட்டு, ஈரோடு, போத்தனூர் வழியாக 1862இல் மேற்குக் கடற்கரையின் பேப்பூரை எட்டியது. சேலம் நகரத்துக்குள் நுழையாமல் ஐந்து கிலோமீட்டர் தள்ளிச் சூரமங்கலத்திலேயே நிலையத்தை வைத்தார்கள். ஒரு சிற்றூருக்கு ஜங்ஷன் என்ற மறுபெயர் வந்தது அப்படித்தான். 1873இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைத்தடம் பிரிந்தது. அதோடு நீலகிரியின் அடிவாரம் சென்னைக்கு ஒருநாள் தொலைவாகிவிட்டது. மலைப்பாதையின் கடைசித் துண்டுதான் மிச்சம்.

விளைவு அரசாங்கத்தின் நாட்காட்டியிலேயே தெரிந்தது. 1870களிலிருந்து சென்னை அரசு கோடை தொடங்கியதும் கோப்புகளையும் எழுத்தர்களையும் கட்டிக்கொண்டு உதகைக்கு ஏறி, ஆண்டில் பாதியை அங்கே கழிக்கத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் ஆளுநர் பக்கிங்காம் கோமகன் காலத்தில் அங்கே ஆளுநர் மாளிகையும் எழுந்தது. 1876 முதல் 1878 வரை சேலம் மாவட்டம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. நிவாரண தானியம் வந்து இறங்கியதும் மலை மாளிகைக்குப் போகிறவர்கள் கடந்து சென்றதும் ஒரே தண்டவாளத்தில். இதை உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. தடத்தின் பயன் யாருக்கு எப்படி இருந்தது என்பதும் வரலாற்றில் அடங்கும்.

இப்போது வில்லியம் ஹடில்ஸ்டன். அவர் தற்காலிக ஆளுநரானது, பதவியிலிருந்த ஆளுநர் வில்லியம் பேட்ரிக் ஆடம் 1881 மே 24 அன்று இறந்ததால். ஆடம் இறந்த இடம் சென்னை அல்ல, உதகை. மே மாதத்தில் ஆளுநர் எங்கே இருப்பார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அடுத்த ஆண்டு, 1882 மே 31 அன்று, ஹெலனா பிளாவட்ஸ்கியும் கர்னல் ஹென்றி ஆல்காட்டும் அடையாற்றுக்கு ஒரு வீட்டைப் பார்க்க வந்தார்கள். 1875இல் நியூயார்க்கில் இவர்கள் தொடங்கிய பிரம்மஞான சபை 1879இல் பம்பாய்க்கு இடம்பெயர்ந்து, அங்கே வாடகை வீட்டில் இருந்தது. நிலையான இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். சென்னைக்காரர் முத்துசாமி செட்டியின் புதல்வர்கள் இவர்களை இந்தத் தோட்டத்துக்கு அழைத்து வந்தார்கள். இருபத்தேழு ஏக்கர் நிலம், பெரிய மாளிகை, ஆற்றையொட்டி இரண்டு சிறிய பங்களாக்கள், செங்கல் லாயம், வண்டிக் கொட்டகை, நீச்சல் தொட்டி, மாமரமும் ஆலமரமுமாக நிழல்சாலை, சவுக்குத் தோப்பு. சொன்ன விலை ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய்.

பார்த்தவுடன் பிளாவட்ஸ்கிக்குப் பிடித்துவிட்டது. பணம்தான் இல்லை. ஐயலு நாயுடு ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்தார். மீதியை முத்துசாமி செட்டி எளிய நிபந்தனையில் கடனாக ஏற்பாடு செய்தார். பிறகு உறுப்பினர்களிடம் நன்கொடை திரட்டிக் கடன் அடைக்கப்பட்டது. டிசம்பரில் இருவரும் பம்பாயைக் காலிசெய்துவிட்டுக் குடிவந்தார்கள். ரஷ்யப் பெண்மணி, அமெரிக்கக் கர்னல் என்றே இந்தக் கிரயக் கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. இந்நாட்டவர் இருவரின் பணமும் பொறுப்பும் இல்லாவிட்டால் கிரயமே நடந்திராது.

விலை ஏன் இவ்வளவு குறைவு என்று ஆல்காட் தம் நினைவுநூலில் விளக்குகிறார். நீலகிரி அடிவாரத்துக்கு ரயில் வந்ததால் உயர் அதிகாரிகள் ஆண்டில் பாதியை உதகையில் கழிக்கிறார்கள். அவர்களுடைய பெரிய சென்னை பங்களாக்கள் கேட்பாரின்றிச் சந்தைக்கு வந்துவிட்டன என்பது அவர் வாதம். வாங்கியவர் சொல்வது என்பதால் இதற்கு மதிப்பு உண்டு. அதே காரணத்தால் ஐயமும் வேண்டும். 1873இல் கிளைத்தடம் திறந்தது, 1882இல் வீடு விலைபோனது. நடுவில் ஒன்பது ஆண்டுகள். ரயில் மட்டுமே வீட்டைக் காலிசெய்யவில்லை என்று நான் கருதுகிறேன். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் தாயகம் போய்வருவது எளிதாயிற்று. சென்னையில் வேரூன்றி ஏக்கர்களைப் பராமரிக்கும் ஆசை தளர்ந்தது. 1870களிலிருந்து வெள்ளி விலை சரிந்து ரூபாயின் தங்க மதிப்பும் இறங்கியது. சம்பளத்தை ரூபாயில் வாங்கி, பிள்ளைகளின் படிப்புக்குப் பவுனில் அனுப்பிய அதிகாரிக்குக் கடற்கரையில் ஒரு வீடும் மலையில் ஒரு வீடுமாக வைத்துக்கொள்வது கட்டுப்படியாகாது. இரண்டில் ஒன்றைத்தான் விட முடியும் என்றபோது எதை விடுவது என்பதை ரயில் முடிவுசெய்தது. ஆல்காட்டின் கூற்றை இந்த அளவில் ஏற்கலாம்.

மலையும் ரயிலும் அருகருகே இருந்தால் போதும் என்பதுமல்ல. அப்படியென்றால் முதலில் செழித்திருக்க வேண்டியது ஏற்காடு. சூரமங்கலம் நிலையத்திலிருந்து தலையைத் தூக்கினாலே சேர்வராயன் தெரியும். சேலம் ஆட்சியர் எம்.டி. காக்பர்ன் 1820களிலேயே அங்கே காப்பியும் பழமரங்களும் வைத்துவிட்டார். அவருடைய கிரேஞ்ச் பங்களாதான் மலையின் மிகப் பழைய ஐரோப்பிய வீடாகச் சொல்லப்படுகிறது. ஆனாலும் ஏற்காடு தோட்டக்காரர்களின் ஊராகவே நின்றது. நெடுங்காலம் குதிரையிலும் டோலியிலும் ஏறவேண்டிய செங்குத்துப் பாதை ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை, ஆளுநர் அங்கே போகவில்லை. ஆளுநர் போகும் இடத்துக்குத்தான் செயலாளர்கள் போவார்கள். செயலாளர்கள் போகும் இடத்துக்குத்தான் அவர்களுடைய வீட்டம்மாக்கள் போவார்கள்.

சென்னைக் கடலோர மாளிகைகள் எல்லாம் இந்த ஒரே காரணத்தால் கைமாறியவை அல்ல. சேப்பாக்கம் அரண்மனை அரசுக்குப் போனது, 1855இல் ஆற்காடு நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி இறந்ததால். மெரினாவின் ஐஸ் ஹவுஸ், பிரெடரிக் டியூடரின் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுந்தது. செயற்கைப் பனிக்கட்டி வந்ததும் வேலையிழந்தது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி வீடாக்கிக் ‘கெர்னன் கோட்டை’ என்று பெயரிட்டார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியது அங்கேதான். 1917இல் அரசு வாங்க, சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இல்லத்தின் விதவைச் சிறுமியர் அங்கே தங்கிப் படித்தார்கள். அடையாற்றின் வடகரையில் மௌப்ரேயின் வீடு மன்றமாயிற்று. பிராடியின் மாளிகை இசைக் கல்லூரியாயிற்று. காரணங்கள் வேறு வேறு. ஆனால் தனியொருவரின் கோடைச் சுகத்துக்கென எழுந்த கட்டடங்கள் இத்தனை, ஒரு குடும்பத்தின் சொத்தாக நீடிக்காமல் நிறுவனங்களின் கைக்கு வந்து சேர்ந்தது கவனிக்கத்தக்கது.

ஹடில்ஸ்டன் தோட்டத்தில் அந்த மாற்றம் சட்டப்படி முழுமையடைந்தது 1905 ஏப்ரலில். அப்போதுதான் சபை சென்னையில் பதிவுபெற்ற சங்கமாயிற்று. நிறுவனரின் ஆயுளோடு முடிந்துவிடாத ஓர் உரிமையாளர் சொத்துக்குக் கிடைத்தார். இரண்டு ஆண்டுகளில், 1907 பிப்ரவரி 17 அன்று, ஆல்காட் அந்த வீட்டிலேயே இறந்தார். அடுத்துத் தலைவரான அன்னி பெசன்ட் சுற்றியிருந்த தோட்டங்களையும் தோப்புகளையும் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். இருபத்தேழு ஏக்கர் கடற்கரை வரை நீண்டு 250 ஏக்கரைத் தாண்டியது. கோடைவாசிகள் கைவிட்ட கடலோரத்தில் 1886இல் தொடங்கிய நூலகம் வளர்ந்தது. 1936இல் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்ரா அங்கே பிறந்தது. இரண்டாம் உலகப் போர் ஆண்டுகளில் மரியா மாண்டிசோரி அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

மலையின் இழுப்பு சபையையும் விட்டுவைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதிகாரிகள் உதகைக்குப் போனதால் மலிவாக வீடு வாங்கிய ஆல்காட், சில ஆண்டுகளிலேயே தாமும் உதகையில் ஒரு குடில் கட்டிக்கொண்டார். ‘குலிஸ்தான்’ என்று பெயர் வைத்தார்.

1917 ஜூனில் ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அரசு, ஹோம் ரூல் கிளர்ச்சிக்காக பெசன்ட்டையும் அவருடன் பணியாற்றிய ஜார்ஜ் அருண்டேலையும் பி.பி. வாடியாவையும் காவலில் வைக்க ஆணையிட்டது. அடையாற்றிலிருந்து வெளியேற வேண்டும் என்பது கட்டளை. அவர்கள் போய்ச் சேர்ந்தது உதகையில், குலிஸ்தானில். அதற்குள் மலை ரயில் உதகை வரையே வந்துவிட்டிருந்தது. சென்னையிலிருந்து அங்கே போகும் வண்டிக்குச் சூரமங்கலத்தைத் தவிர்த்து வேறு தடம் கிடையாது. ஹடில்ஸ்டன் தோட்டத்தின் பழைய எசமானர்கள் குளிரைத் தேடிப் போன அதே தண்டவாளத்தில், அதன் புதிய தலைவி காவல் கைதியாக இந்த ஊரைக் கடந்தார். குலிஸ்தானின் தோட்டத்தில் பெசன்ட் ஹோம் ரூல் கொடியை ஏற்றினார். கோடைகால அரசாங்கம் இருந்ததும் அதே ஊரில்தான்.