கிளிட்டோரிசு

கிளிட்டோரிசு என்பது பெண்களின் பாலுறுப்புத் தொகுதியில் உள்ள ஓர் உறுப்பாகும். சிற்றுதடுகள் மேற்புறத்தில் கூடும் இடத்தில், சிறுநீர்த் துளைக்கு மேலே, ஏறத்தாழ ஒரு பட்டாணி அளவில் இதன் முனை மட்டும் வெளியே தெரியும். சிறுநீர் கழித்தலிலோ மகப்பேற்றிலோ இதற்குப் பங்கில்லை. பாலின்பத்தை உணர்வதே இதன் பணியாக அறியப்பட்டுள்ளது.

அமைப்பு

கருவில் ஆண்குறியும் கிளிட்டோரிசும் ஒரே முகிழிலிருந்து உருவாகின்றன. மொட்டு, அதை மூடும் தோல், குருதி நிறைந்து விறைக்கும் இழையம் ஆகியவை இரண்டிற்கும் பொது. ஆனால் கிளிட்டோரிசின் பெரும்பகுதி உடலுக்குள் மறைந்துள்ளது. மொட்டின் பின்னுள்ள தண்டு வளைந்து இரு கால்களாகப் பிரிந்து, இடுப்பெலும்பை ஒட்டிச் செல்கிறது. ஒவ்வொரு காலும் 5 முதல் 9 செ.மீ. வரை நீளமுடையது. யோனித் துளையின் இருபுறமும் உள்ள குமிழ்கள் கிளர்ச்சியின்போது குருதி நிறைந்து பருக்கின்றன.

இதில் 8,000 நரம்பிழைகள் உள்ளன என்று நூல்களில் பல காலம் எழுதப்பட்டு வந்தது. அது மாடுகளில் செய்த ஆய்விலிருந்து வந்த எண் எனக் கூறப்படுகிறது. மனித இழையத்தில் எண்ணிப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள் 2022 இல் சராசரியாக 10,000 க்கும் மேல் என அறிவித்தனர்.

பாலின்பம்

யோனியின் உட்சுவர், குறிப்பாக அதன் ஆழமான பகுதி, தொடுவுணர்வு குறைந்தது. எனவே புணர்ச்சியால் மட்டும் பல பெண்கள் பரவசநிலையை அடைவதில்லை. கிளிட்டோரிசு தூண்டப்படுவது தேவையாகிறது. இது நோயோ குறைபாடோ அன்று. பருவமடைந்த பெண்ணின் இன்பம் கிளிட்டோரிசிலிருந்து யோனிக்கு இடம்மாற வேண்டும் என்று சிக்மண்ட் பிராய்டு 1905 இல் எழுதினார். இதற்கு உடற்கூற்றியல் ஆதாரம் எதுவும் இல்லை. எனினும் தம்மிடம் ஏதோ குறை என்று பெண்கள் பலர் எண்ண இக்கருத்து இடமளித்தது.

ஆய்வும் பாடநூல்களும்

பெண்ணும் ஆணைப்போல் இன்பநிறைவு பெறுகிறாளா என்ற வாதம் வாத்சியாயனரின் காமசூத்திரத்திலேயே உள்ளது. அந்நூல் பெறுகிறாள் என்றே முடிவு செய்கிறது. உறுப்பின் உள்ளமைப்பைச் செருமானியரான கோபெல்ட் 1844 இல் விரிவாக வரைந்தார். அது பின்னர் பெரிதும் மறக்கப்பட்டது. ஆத்திரேலிய சிறுநீரியல் மருத்துவர் எலன் ஓ'கானல் 1998 இல் வெளியிட்ட ஆய்வே இதன் முழு வடிவத்தை மீண்டும் கவனத்திற்குக் கொண்டு வந்தது. இந்திய நடுவண் பாடத்திட்டத்தின் 12 ஆம் வகுப்பு உயிரியல் நூல் இதனை விரல் போன்ற சிறிய அமைப்பு என ஒரே வரியில் குறிப்பிடுகிறது. மாணவர் அறிவது வெளியே தெரியும் முனையை மட்டுமே.

சிதைப்பு

மருத்துவக் காரணமின்றி இவ்வுறுப்பையோ அதன் மேல்தோலையோ வெட்டும் வழக்கத்தால் உடல்நலப் பயன் எதுவும் இல்லை என உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. குருதிப்போக்கு, தொற்று, நீடித்த வலி, உணர்விழப்பு ஆகியவை இதன் விளைவுகளாகும். இலங்கையில் தமிழ் பேசும் முசுலிம்கள் சிலரிடையே, பிறந்து சில வாரங்களேயான பெண் குழந்தைகளுக்கு 'ஒஸ்தா மாமி' எனப்படும் பெண்கள் இதனைச் செய்வதுண்டு. மருத்துவர்கள் இதில் ஈடுபடக்கூடாது என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சு 2018 இல் சுற்றறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் தாவூதி போரா சமூகத்தினரிடையே உள்ள இவ்வழக்கத்திற்கு எதிரான மனுவை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது.